6 அணாவில் தொடங்கிய கட்டுமான கம்பெனி, தொழிலாளிகளே ஓனர்கள்: வாக்படானந்த குருவின் கதை

ஐ.டி கம்பெனியில் வேலைக்குச் சேர்கிறீர்கள். ஆஃபர் லெட்டரில் ஈசாப் என்று ஒரு வரி இருக்கும். நாலு வருஷம் தாக்குப்பிடித்தால் கம்பெனியின் கொஞ்சம் ஷேர் உங்களுக்கு. இனி நீங்களும் ஒரு ஓனர்தான் என்று ஹெச்.ஆர் சிரித்துக்கொண்டே சொல்வார். கேட்க நல்லாத்தான் இருக்கும். ஆனால் அந்த ஷேரை வைத்துக்கொண்டு கம்பெனியின் ஒரு முடிவையாவது உங்களால் மாற்ற முடியுமா?

இப்போது 100 வருஷம் பின்னால் போவோம். மலபாரில் ஒரு சின்ன கிராமம். கல் சுமக்கிறவர்களும் மண் வெட்டுகிறவர்களும் ஒன்றுகூடி ஒரு நிறுவனம் தொடங்குகிறார்கள். யார் எவ்வளவு பணம் போட்டிருந்தாலும் ஆளுக்கு ஒரே ஓட்டு. அந்த நிறுவனம் இன்றும் இயங்குகிறது. மேம்பாலம் கட்டுகிறது, தேசிய நெடுஞ்சாலை போடுகிறது, ஐ.டி பார்க்கும் நடத்துகிறது.

இதற்கு விதை போட்டவர் இன்ஜினீயரோ தொழிலதிபரோ இல்லை. ஒரு சமஸ்கிருத வாத்தியார். அத்வைதம் பேசிய ஆன்மிகவாதி. பெயர் வாக்படானந்தர். கேரளத்தில் பள்ளிக்கூடப் பாடத்தில் வரும் பெயர், நம்ம ஊரில் பலருக்குத் தெரியாது. அவர் கதையைத்தான் இங்கே பார்க்கப் போகிறோம்.

குஞ்ஞிக்கண்ணன் என்ற பையன்

1885-ம் ஆண்டு. தலச்சேரிக்குப் பக்கத்தில் பாட்யம் என்ற ஊர். இன்றைய கண்ணூர் மாவட்டம். அப்போது மலபார் முழுவதும் சென்னையிலிருந்து ஆளப்பட்ட மெட்ராஸ் மாகாணத்தின் ஒரு மாவட்டம். அங்கே தீயர் சமூகத்தில் பிறந்தவர் வயலேரி குஞ்ஞிக்கண்ணன்.

அன்றைய மலபாரில் தீயர்கள் எந்த இடத்தில் வைக்கப்பட்டிருந்தார்கள் என்பது தெரிந்தால்தான் மீதிக் கதை புரியும். நிலம் ஜன்மிகள் என்று சொல்லப்பட்ட நிலப்பிரபுக்கள் கையில். கள் இறக்குவது, கூலி வேலை, குத்தகை விவசாயம் இதெல்லாம் தீயர்களுக்கு. மேல்சாதிக்காரர் எதிரே வந்தால் இத்தனை அடி தள்ளி நிற்கணும் என்ற கணக்கு வேறு. கோயிலுக்குள் நுழைய முடியாது.

ஆனால் குஞ்ஞிக்கண்ணன் வீட்டில் ஒரு வித்தியாசம் இருந்தது. அப்பாவுக்கு சமஸ்கிருதம் தெரியும். பையனுக்கு முதல் பாடம் வீட்டிலேயே கிடைத்தது. பிறகு இலக்கணம், தர்க்கம், தத்துவம் என்று படிப்பு நீண்டது. எந்த மொழியைக் காட்டி இவர்களை ஒதுக்கினார்களோ, அதே மொழியில் வாதம் செய்யும் அளவுக்கு அவர் வளர்ந்தார்.

இருபது வயதை ஒட்டி கோழிக்கோட்டுக்குப் போனார். 1906-ல் அங்கே தத்துவப் பிரகாசிகா ஆசிரமம் என்ற பெயரில் ஒரு சமஸ்கிருதப் பள்ளி தொடங்கினார். ஆசிரமம் என்று பெயர் இருந்தாலும் அது வகுப்பறைதான். சாதி பார்க்காமல் எல்லோருக்கும் சொல்லிக்கொடுக்கணும் என்பது நோக்கம். கோழிக்கோட்டில் அப்போது பிரம்ம சமாஜம் நடத்திக்கொண்டிருந்த டாக்டர் அய்யத்தான் கோபாலனோடும் சேர்ந்து வேலை செய்தார். உருவ வழிபாடு வேண்டாம், சாதி வேண்டாம் என்ற பேச்சு அந்த வட்டத்தில் சாதாரணம்.

பேச்சு வாங்கித் தந்த பெயர்

வாக்படானந்தர் என்ற பெயர் எங்கிருந்து வந்தது? பாலக்காடு பக்கம் ஆலத்தூரில் பிரம்மானந்த சிவயோகி என்ற சீர்திருத்தவாதி இருந்தார். கோயில், சிலை, சடங்கு எல்லாவற்றையும் கடுமையாக விமர்சித்தவர். குஞ்ஞிக்கண்ணனின் பேச்சுத் திறமையைப் பார்த்து அவர் கொடுத்த பெயர்தான் இது. வாக்கு என்றால் சொல். பேச்சில் வல்லவர் என்பது பெயருக்குள்ளேயே இருக்கிறது.

பிற்காலத்தில் இருவருடைய சிந்தனையும் வெவ்வேறு வழியில் போனது. வாக்படானந்தர் கடைசிவரை அத்வைதியாகவே இருந்தார். ஆனால் அவருடைய அத்வைதம் கண்ணை மூடி உட்காரும் ரகம் இல்லை. எல்லாருக்குள்ளும் இருப்பது ஒரே ஆத்மா என்றால், ஒருத்தர் நடக்கும் வழியில் இன்னொருத்தர் ஏன் ஒதுங்கி நிற்கணும்? அவர் கேட்டது இந்தக் கேள்வியைத்தான். தத்துவம் உண்மை என்றால் அது தெருவில் செல்லுபடியாகணும்.

ஸ்ரீநாராயண குருவோடு அவருக்கு நடந்த உரையாடல் ஒன்றைக் கேரளத்தில் இன்றும் சொல்வார்கள். அத்வைதம் பேசுகிற நீங்களே கோயில் பிரதிஷ்டை செய்யலாமா என்று வாக்படானந்தர் கேட்டாராம். மக்கள் கோயில் கேட்கிறார்கள், விட மாட்டேன் என்கிறார்கள் என்ற மாதிரி குரு பதில் சொன்னாராம். இருவருக்கும் இடையில் மரியாதை குறையவில்லை. ஆனால் வாக்படானந்தர் தன் வழியை மாற்றிக்கொள்ளவும் இல்லை. கோயில் கட்டுகிற வேலையே வேண்டாம் என்று முடிவெடுத்தவர் அவர்.

பத்திரிகைகளும் நடத்தினார். 1921-ல் அபிநவ கேரளம், 1929-ல் ஆத்மவித்யா காஹளம். காஹளம் என்றால் கொம்பு வாத்தியம். ஊதி எழுப்புகிற வேலை என்று பெயரிலேயே சொல்லிவிட்டார்.

காரக்காட்டில் என்ன நடந்தது?

வடகராவுக்குப் பக்கத்தில் காரக்காடு என்ற கிராமம். இந்தக் கதையின் முக்கியமான இடம் இதுதான். அங்கிருந்த சில இளைஞர்கள் வாக்படானந்தரின் பேச்சில் ஈர்க்கப்பட்டு அவரை ஊருக்கு அழைத்தார்கள். 1917-ல் ஆத்மவித்யா சங்கம் பிறந்தது.

சங்கத்தின் அஜெண்டா ரொம்ப சிம்பிள். சாதி பார்க்காதே. மூடநம்பிக்கையை விடு. கோயிலில் உயிர்ப்பலி கொடுக்காதே. குடிக்காதே. கடைசி விஷயம் சும்மா இல்லை. கள் இறக்குவது தீயர்களுக்கு விதிக்கப்பட்ட தொழில். சொந்த சமூகத்தின் வருமானத்தையே தொடுகிற பேச்சு அது. இருந்தும் கேட்க ஆள் வந்தது.

இதைக் கேட்டுத் தலைநிமிர்ந்து நடக்க ஆரம்பித்தவர்களில் பலர் கூலித் தொழிலாளிகள். ஊரில் இருந்த பழைய ஆட்களுக்கு இது பொறுக்கவில்லை. நிலப்பிரபுக்கள், சடங்குகளைக் காப்பாற்ற நினைத்தவர்கள் எல்லோரும் ஒரு பக்கம் சேர்ந்தார்கள். அடிதடியை விட மோசமான ஒரு ஆயுதத்தை எடுத்தார்கள். ஊர் விலக்கு.

சங்கத்தில் இருப்பவனுக்கு வேலை கிடையாது. அவன் பிள்ளைக்குப் பள்ளிக்கூடத்தில் இடம் கிடையாது. அவசரத்துக்குக் கடன் கேட்டால் அதுவும் கிடையாது.

யோசித்துப் பாருங்கள். அன்றாடம் கூலி வாங்கி அன்றாடம் அரிசி வாங்குகிற குடும்பம். வேலை இல்லை என்றால் இரண்டாவது நாளே அடுப்பு எரியாது. கொள்கையை விட்டுவிட்டுக் கும்பிடு போட்டால் வேலை திரும்பக் கிடைக்கும். பெரும்பாலான இயக்கங்கள் உடைவது இந்த இடத்தில்தான்.

காரக்காட்டுக்காரர்கள் உடையவில்லை. பள்ளியில் சேர்க்கவில்லையா? தாங்களே ஒரு பள்ளி தொடங்கினார்கள். கடன் கிடைக்கவில்லையா? சிறுகச் சிறுகச் சேர்த்து ஒரு கடன் சங்கம் வைத்தார்கள். மிச்சம் இருந்தது வேலை. வேலை கொடுக்க முதலாளி இல்லை என்றால் என்ன செய்வது?

முதலாளியே இல்லாமல் வேலை செய்வது. இதுதான் அவர்கள் கண்டுபிடித்த பதில்.

14 பேர், 6 அணா

1925 பிப்ரவரி 13. ஊராளுங்கல் கூலி வேலைக்காரர்களின் பரஸ்பர உதவிக் கூட்டுறவுச் சங்கம் பதிவானது. தொடங்கியவர்கள் 14 பேர். கையில் இருந்த முதல் 6 அணா. ஒரு ரூபாய்க்கு 16 அணா, ஆக இன்றைய கணக்கில் சுமார் 37 பைசா.

பெயரைக் கவனித்தீர்களா? கூலி என்ற சொல்லை மறைக்கவில்லை. ஊர் எந்தச் சொல்லால் தங்களைக் கீழே வைத்ததோ, அதையே சங்கத்தின் பெயர்ப்பலகையில் எழுதிக்கொண்டார்கள்.

இதே நேரத்தில் தெற்கே திருவிதாங்கூரில் என்ன நடந்துகொண்டிருந்தது தெரியுமா? வைக்கம் போராட்டம். பெரியார் போய்ச் சிறை சென்ற அதே போராட்டம். 1924-ல் தொடங்கி 1925 வரை நடந்தது. கோயிலைச் சுற்றியுள்ள தெருவில் எல்லாரும் நடக்கலாமா கூடாதா என்பதுதான் அங்கே சண்டை. அங்கே சாலையில் நடக்க உரிமை கேட்டுக்கொண்டிருந்த நேரத்தில், இங்கே 14 கூலித் தொழிலாளிகள் சாலை போட ஒரு நிறுவனம் தொடங்கிவிட்டார்கள்.

சரி, இந்த ஐடியாவில் என்ன புதுசு? அன்றைக்கு அரசு வேலைகள் நடந்த விதத்தைப் பார்த்தால் புரியும். சாலை, குளம், ஓடைப்பாலம் போன்ற வேலைகளை ஒரு காண்ட்ராக்டர் எடுப்பார். அவர் ஆள் பிடித்து வேலை வாங்குவார். அரசு கொடுக்கும் தொகைக்கும் கூலிக்கும் இடையில் இருப்பது அவர் லாபம். கூலியைக் குறைத்தால் லாபம் கூடும். வேலையின் தரத்தைக் குறைத்தாலும் லாபம் கூடும்.

சங்கம் செய்தது ஒன்றுதான். நடுவில் இருந்த காண்ட்ராக்டரை எடுத்துவிட்டு, அந்த இடத்தில் தொழிலாளிகளே கூட்டாக உட்கார்ந்தார்கள். லாபம் வந்தால் அது வேலை செய்தவர்களுக்கே. வேலை மோசமாக இருந்தால் அடுத்த காண்ட்ராக்ட் கிடைக்காது, அந்த நஷ்டமும் அவர்களுக்கே. தரத்தில் ஏமாற்றுவதால் யாருக்கும் பிரயோஜனம் இல்லாத ஒரு அமைப்பு தானாகவே உருவானது.

இதில் வாக்படானந்தரின் பங்கு என்ன? அவர் மண்வெட்டி பிடிக்கவில்லை. டெண்டர் எழுதவில்லை. ஆனால் இந்த 14 பேரும் அவர் பேச்சில் வளர்ந்தவர்கள். குடிக்காத, கணக்கில் ஏமாற்றாத, கூட்டம் போட்டுப் பேசி முடிவெடுக்கப் பழகிய ஆட்கள். ஒரு கூட்டுறவுச் சங்கத்துக்குப் பணத்தை விட இதுதான் முக்கிய மூலதனம். அந்த மூலதனத்தைச் சேர்த்துக் கொடுத்தவர் அவர்.

குருவின் கடைசி ஆண்டுகள்

சங்கம் தொடங்கியதும் பெரிதாக வளர்ந்துவிடவில்லை. கிடைத்தது சின்னச் சின்ன வேலைகள். முதல் கால் நூற்றாண்டு பிழைத்திருப்பதே பெரிய விஷயமாக இருந்தது. 1930-களில் உலகம் முழுக்கப் பொருளாதார மந்தம் வேறு.

வாக்படானந்தர் ஊர் ஊராகப் பேசிக்கொண்டிருந்தார். சாதி பார்க்காமல் எல்லோரும் ஒரே பந்தியில் உட்கார்ந்து சாப்பிடும் பிரீதி போஜனம் நடத்தப்பட்டது. இன்று நாம் ஆபீஸ் கேன்டீனில் யோசிக்காமல் செய்கிற காரியம். அன்றைக்கு அது கலகம்.

1939 அக்டோபர் 29-ல் அவர் இறந்தார். வயது 54. தான் விதை போட்ட சங்கம் ஒரு பெரிய பாலம் கட்டுவதைக்கூட அவர் பார்க்கவில்லை.

அவருக்குப் பிறகு

சுதந்திரம் வந்தது. 1956-ல் கேரள மாநிலம் உருவானது. பொதுப்பணித் துறை வேலைகள் பெருகின. 1950-களில் பாலேரி கணாரன் தலைவரானார். சங்கத்தைப் பல பத்தாண்டுகள் வழிநடத்தியவர் அவர். கிராமத்துச் சங்கம் ஒழுங்கான கட்டுமான நிறுவனமாக மாறியது அந்தக் காலத்தில்தான். இன்று அதன் பெயர் ஊராளுங்கல் லேபர் காண்ட்ராக்ட் கோ-ஆப்பரேட்டிவ் சொசைட்டி. கேரளத்தில் சுருக்கமாக யு.எல்.சி.சி.எஸ் என்பார்கள்.

வளர்ச்சியில் ஒரு சிக்கலான கட்டம் வந்தது. மெஷின். ஜே.சி.பி ஒன்று வந்தால் பல பேர் வேலையை ஒரே நாளில் முடித்துவிடும். தனியார் காண்ட்ராக்டருக்கு இது குஷி, கூலி மிச்சம். இங்கேயோ வேலை இழக்கப்போவதும் ஓனர்தான்! மெஷின் வாங்காவிட்டால் போட்டியில் நிற்க முடியாது, வாங்கினால் சொந்த ஆட்களுக்கு வேலை இல்லை.

சங்கம் எடுத்த வழி: மெஷினை வாங்கு, ஆனால் ஆளைக் குறைக்காதே. அதற்குப் பதிலாக வேலையைப் பெருக்கு. பெரிய காண்ட்ராக்ட்களை எடு, ஆட்களுக்குப் பயிற்சி கொடு. ஏ.ஐ வந்தால் வேலை போகுமா என்று நாம் இன்று பேசிக்கொண்டிருக்கிற அதே கேள்விதான் இது. கேள்வியைக் கேட்பவரும் முடிவெடுப்பவரும் ஒரே ஆளாக இருந்தால் பதில் வேறு மாதிரி வருகிறது.

1990-களின் இரண்டாம் பாதியில் கேரளத்தில் மக்கள் திட்ட இயக்கம் வந்தது. பஞ்சாயத்துகளுக்கு நேரடியாகத் திட்டப் பணம் போனது. உள்ளூர் வேலைகள் பெருகின. சங்கத்தின் வேகமான வளர்ச்சி அதற்குப் பிறகுதான்.

சில வேலைகளைச் சொன்னால் அளவு புரியும்.

• இரிங்ஙல் கைவினைக் கிராமமான சர்காலயா. கைவிடப்பட்ட கல்குவாரி இருந்த இடம், இன்று சுற்றுலாத் தலம்.

• கோழிக்கோடு யு.எல் சைபர் பார்க், 2016-ல் திறக்கப்பட்டது. படித்த பிள்ளைகளுக்கு ஊரிலேயே வேலை வேண்டும் என்று ஒரு கூலித் தொழிலாளர் சங்கம் கட்டிய ஐ.டி பார்க்.

• கொச்சி பாலாரிவட்டம் மேம்பாலம். 2016-ல் திறந்து, 2019-லேயே சேதம் காரணமாக மூடப்பட்டுப் பெரிய ஊழல் சர்ச்சையானது. டெல்லி மெட்ரோ நிறுவனத்தின் மேற்பார்வையில் அதை மறுபடி கட்டும் வேலை ஊராளுங்கலுக்கு வந்தது. 2020 செப்டம்பரில் தொடங்கி 2021 மார்ச்சில் பாலம் திறக்கப்பட்டது.

• காசர்கோடு மாவட்டத்தில் தேசிய நெடுஞ்சாலை 66-ஐ ஆறு வழியாக்கும் வேலையில் தலப்பாடி - செங்களை பகுதி.

உலகக் கூட்டுறவு அமைப்புகளைப் பட்டியலிடும் வேர்ல்டு கோ-ஆப்பரேட்டிவ் மானிட்டர் அறிக்கையில், தொழில் மற்றும் சேவைப் பயன்பாட்டுப் பிரிவில் ஊராளுங்கல் 2-வது இடம் பிடித்திருக்கிறது. வருவாயை அந்த நாட்டின் தனிநபர் ஜி.டி.பி-யோடு ஒப்பிட்டுப் போடும் கணக்கு இது. முதலிடம் ஸ்பெயினின் மோண்ட்ராகன். அதற்கு விதை போட்டவரும் ஒரு ஆன்மிகவாதிதான், அரிஸ்மெண்டியாரியெட்டா என்ற கத்தோலிக்கப் பாதிரியார். அங்கே முதல் கூட்டுறவு நிறுவனம் வந்தது 1956-ல். காரக்காடு அதற்கு 31 வருஷம் சீனியர்.

எப்படி இயங்குகிறது?

உறுப்பினர்கள் ஓட்டுப் போட்டு இயக்குநர் குழுவைத் தேர்ந்தெடுப்பார்கள். இயக்குநர்கள் தொழிலாளர்களிலிருந்தே வருகிறவர்கள். பகலில் சைட்டில் இருப்பார்கள். மாலையில் கூடி அன்றைய வேலை என்ன ஆச்சு, நாளைக்கு எந்த சைட்டுக்கு எத்தனை ஆள், எவ்வளவு பொருள் என்று பேசுவார்கள். மூன்று மாதத்துக்கு ஒருமுறை நடக்கும் போர்டு மீட்டிங் இல்லை இது.

கட்டுமானத் துறையில் பெரும்பாலான தொழிலாளிகளுக்குக் கிடைக்காத பி.எஃப், போனஸ், கிராஜுவிட்டி, மருத்துவக் காப்பீடு இங்கே உண்டு. நம்ம ஊர் சித்தாள் அக்காவுக்கும் கொத்தனார் அண்ணனுக்கும் சம்பள ரசீது என்று ஒன்று கிடைத்தாலே அதிசயம். அதை வைத்துப் பார்த்தால்தான் இதன் அருமை தெரியும்.

எல்லாம் சரியா இருக்கா?

இல்லை. இரண்டு கேள்விகள் முக்கியமானவை.

ஒன்று, அரசு ஆதரவு. கூட்டுறவுச் சங்கம் என்பதால் கேரள அரசின் வேலைகளில் சலுகை உண்டு. சில வேலைகள் டெண்டர் இல்லாமலே கொடுக்கப்படுகின்றன என்ற விமர்சனம் எதிர்க்கட்சிகளிடமிருந்தும் தனியார் காண்ட்ராக்டர்களிடமிருந்தும் அடிக்கடி வருகிறது. குறித்த நேரத்தில் தரமாக முடிக்கிறோம், அதனால்தான் வேலை வருகிறது என்பது சங்கத் தரப்பின் வாதம்.

இரண்டு, உறுப்பினர் யார் என்ற கேள்வி. இன்று அங்கே வேலை செய்கிறவர்கள் பத்தாயிரத்துக்கும் மேல். ஆனால் ஓட்டுரிமை உள்ள உறுப்பினர்கள் சில ஆயிரம் பேர்தான். வெளிமாநிலத் தொழிலாளிகளும் நிறைய. சலுகைகள் பலவும் அவர்களுக்கும் கிடைத்தாலும், ஓனர் என்ற இடம் எல்லாருக்கும் இன்னும் வரவில்லை. வளரும் ஒவ்வொரு தொழிலாளர் கூட்டுறவுக்கும் வருகிற பிரச்சினைதான். மோண்ட்ராகனும் இதில் விதிவிலக்கு இல்லை. ஆனால் எல்லாருக்குள்ளும் ஒரே ஆத்மா என்று சொன்னவரின் சங்கத்திடம் இந்தக் கேள்வியைக் கொஞ்சம் அழுத்தியே கேட்கலாம்.

நமக்கு இதில் என்ன இருக்கு?

காரக்காட்டில் இன்று வாக்படானந்தர் பெயரில் ஒரு பூங்கா இருக்கிறது. பளிச்சென்ற நடைபாதை, உட்கார பெஞ்ச், சாயங்காலம் குழந்தைகள் கூட்டம். ஒரு காலத்தில் வேலை கொடுக்காமல் பட்டினி போடப் பார்த்த ஊர் அது. அங்கே யாரும் இன்று யாருக்கும் ஒதுங்கி நடப்பதில்லை.

அவர் கோயில் கட்டவில்லை. தன் பெயரில் கம்பெனியும் தொடங்கவில்லை. நீ யாருக்கும் கீழே இல்லை என்பதைக் கூலித் தொழிலாளிகள் நம்பும் வரை பேசிக்கொண்டே இருந்தார். நம்பியவர்கள் வேலை போனபோது யார் காலிலும் விழாமல் 6 அணாவோடு உட்கார்ந்து கணக்கு எழுத ஆரம்பித்தார்கள்.

அடுத்த முறை ஆஃபர் லெட்டரில் ஓனர் என்ற சொல்லைப் பார்த்தால் ஹெச்.ஆரிடம் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள். எனக்கு எத்தனை ஷேர் என்று இல்லை, எனக்கு எத்தனை ஓட்டு என்று.